சம்பளச் சனிக்கிழமை

பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவில்
கோயிலில் ஒன்றுமே நடக்காத ஒரு நாள் இருக்கிறது.
மணி அடிக்காது. பீடம் துணியில்லாமல் கிடக்கும்.
ஆயர் கமாலியேல் லுங்கியை மடித்துக் கட்டி
மின்விசிறி துடைத்துக்கொண்டிருப்பார்.

திருப்பூருக்கு அது சம்பள நாள்.

இந்த வருசம் அதுவும் இல்லை.
எங்கேயோ கடலில் கப்பல் நின்றுவிட்டதாம்,
எங்கேயோ வரியை ஏற்றிவிட்டார்களாம்.
செக்கிங் மேசையில் ஆறாயிரம் குழந்தைச் சட்டைகள்,
மஞ்சளில் வாத்துப் படம் போட்டவை,
போக இடமில்லாமல் மடிந்து கிடக்கின்றன.
"திங்கக்கிழமை பாக்கலாமுங்" என்றார் சூப்பர்வைசர்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
பிசிர் வெட்டும் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு
வெளியே வந்தேன்.

மங்கலம் ரோட்டு நிறுத்தத்தில் பூலமணி நின்றாள்.
பேட்லாக் லைனில் எனக்கு எதிர் மிசின், ஒரிசாக்காரி.
ஒரு மூட்டை, ஒரு மிக்சி, ஐந்து வயசுப் பையன்.
ஆள் கூட்டி வந்த காண்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டான்,
அறையைப் பூட்டிவிட்டார்கள்.
வடக்கத்திக்காரர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று
ஒரு வீடியோ இரண்டு நாளாய் ஊரெல்லாம் சுற்றுகிறது.
டீக்கடைப் பெஞ்சு மொத்தமும்
அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தது.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்:
பீஸ், சீக்கிரம், சரிங்க்கா.

நான் நல்லவள் இல்லை.
பஸ் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.
வந்தது. ஏறியும்விட்டேன்.
வசனம் ஒன்று காதில் கேட்டது என்று சொன்னால்
சாட்சி சொல்லும் நேரத்துக்கு நன்றாயிருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை.
பையன் மிக்சி ஜாரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வெயிலுக்கு நின்றான்.
கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கினேன்.

இந்த ஊருக்கு நாங்கள் வந்த புதிதில்
ஆறு வீட்டில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள்.
ஏழாவது வீட்டுக்காரர்
வாடகையில் ஐந்நூறு கூட்டிக்கொண்டு
கேள்வியை விட்டுவிட்டார்.
அவர்தான், வெள்ளியங்கிரியண்ணன்,
லைன் வீட்டு வாசலில் குறுக்கே நின்றார்.
"யாருங்க்கா இது?"
"ஒரம்பரைங்ண்ணா."
மிக்சியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.
"எத்தன நாளைக்கு?"
நான் தரையைப் பார்த்தேன்.
"தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காத்தான். பாத்து நடந்துக்கங்க"
என்று விலகினார்.

தேவசித்தத்துக்குத் தறியில்லாமல் இரண்டு வாரம்.
என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்றிருந்தேன்.
அரிசி டப்பாவில் கையை விட்டு
அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
"ஒட்டுக்கா ஆக்கிரு" என்றார்.
அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

ராத்திரி தூக்கமில்லை.
பத்துக்குப் பத்து அறையில் ஐந்து மூச்சு,
அதில் ஒன்று, என் மகளுடையது, சளியோடு.
கொடுத்தது போதுமா, கொடுத்ததே தப்பா,
அந்த வீடியோ நாளை நம் வாசலுக்கு வருமா?
கேட்டேன். பதிலில்லை.
கல்லறைக்குள் இருப்பவரிடம்
வேறென்ன எதிர்பார்ப்பது.

ஆனால் ஒன்று தோன்றியது.
அந்த முதல் சனிக்கிழமையில் இருந்தவர்களுக்கு
மறுநாள் வெறும் மறுநாள்தான்.
கல்லை யார் புரட்டுவது என்றுகூடத் தெரியாத பெண்கள்
பிணத்துக்குப் பூசத்தான் தைலம் வைத்திருந்தார்கள்.
உயிர்ப்பை நம்பி அல்ல,
அது செய்யவேண்டிய வேலை என்பதால்.
வேலைக்குப் போன வழியில்தான்
மற்றதெல்லாம்.

நாலு மணிக்குக் கோயில் மணி.
சேலை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தால்
பின்னாலேயே பையன், என் மகளின் பழைய சட்டையில்.
தோளில் ஒரு பிசிர் தொங்கியது.
பழக்கம். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன்.

நொய்யல் பாலத்தில் அதே நாற்றம்.
இன்றைக்குத் தண்ணீர் சிவப்பா நீலமா
இருட்டில் தெரியவில்லை.
அக்கரையில் மெழுகுவர்த்திகள்
ஒவ்வொன்றாய் அசையத் தொடங்கியிருந்தன,
காற்றுக்கு இரண்டு அணைந்து, திரும்பப் பற்றின.
பையன் அவன் பாசையில் ஏதோ கேட்டான்.
எங்கே போகிறோம் என்றுதான் இருக்கும்.

"வாங்க கண்ணு," என்றேன்.
"பாக்கலாம்."